கருநீலமா, அரக்கா? மேற்குச் சுவருக்கு எந்த நிறம்?

கேள்வி: எங்கள் வீடு திருச்சி புத்தூரில், உய்யக்கொண்டான் வாய்க்காலுக்கு அருகில் இருக்கிறது. மேற்குப் பார்த்த வீடு. தை மாதம் மகளுக்குக் கல்யாணம் என்பதால் வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறோம். சென்னையில் வேலை பார்க்கும் மகன் கருநீலம்தான் இப்போது எல்லோரும் அடிக்கிறார்கள் என்கிறான். என் வீட்டுக்காரர் அரக்கு நிறம்தான் மங்கலம், அழுக்கும் தெரியாது என்கிறார். இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. 78 வயதான மாமனார் முன்னறையில்தான் படுக்கிறார். போன சித்திரையில் வெப்பம் தாங்காமல் இரண்டு நாள் துவண்டு போய்விட்டார். முன்சுவரின் அடியில் உப்பும் பூக்கிறது. இந்த இரண்டு நிறத்தில் எதை அடிக்கலாம்?
– ஒரு வாசகி, புத்தூர், திருச்சி.

பதில்: சகோதரி, எந்த நிறம் என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆனால், உங்கள் கடிதத்தின் முக்கியமான வரி மாமனாரைப் பற்றியதுதான். அவர் படுக்கும் அறையின் வெளிச்சுவர் மேற்கு வெயிலை வாங்குகிற சுவர். அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இரண்டு நிறங்களில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டுமென்றால், அரக்கை விடக் காவி கலந்த செங்கல் நிறம் நல்லது. கருநீலம் அந்தச் சுவருக்கு வேண்டாம். ஆனால், செங்காவியையும் சுவர் முழுக்க அடிக்காதீர்கள். காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுவர் எவ்வளவு வெயிலைக் குடிக்கிறது?

வெயிலில் நம் கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய பாதிதான். மீதி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர். ஒரு நிறம் கண்ணுக்கு எவ்வளவு கறுப்பாகத் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து, அது எவ்வளவு சூடாகும் என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கண்ணுக்குத் தெரியாத பாதியை எந்தச் சாயம் திருப்பி அனுப்புகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

புதிதாக அடித்த வெள்ளைச் சுவர், தன்மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய நூற்றுக்கு 70 முதல் 80 பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். சந்தன நிறம், வெளிர்மஞ்சள் போன்றவை 60 பங்கு அளவுக்கு அனுப்பும். செங்காவி 25 முதல் 30 பங்கு. கருநீலம் 10 பங்கு அனுப்பினாலே அதிகம். கருநீலத்தை அவ்வளவு ஆழமாக்குவதற்கு அதில் பெரும்பாலும் கரிச்சாயம் சேர்ப்பார்கள். கரி, கண்ணுக்குத் தெரிகிற ஒளியையும் தெரியாத வெப்பத்தையும் சேர்த்தே விழுங்கும். காவிக்கு நிறம் தருவது இரும்பு ஆக்சைடு. அது வெப்பக் கதிரில் ஒரு பகுதியைத் திருப்பிவிடும். இரண்டும் பார்ப்பதற்கு ஒரே அளவு அடர்த்தியாக இருந்தாலும், தொட்டுப் பார்த்தால் நீலம்தான் அதிகம் சுடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் முன்னறைச் சுவர் 12 அடி நீளம், 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். கதவு, ஜன்னலைக் கழித்தால் ஏறக்குறைய 100 சதுர அடி, அதாவது 9 சதுர மீட்டர். கோடையில் பிற்பகல் 3, 4 மணிக்கு மேற்குச் சுவரில் சதுர மீட்டருக்கு 600 வாட் அளவுக்கு வெயில் விழும். மொத்தம் 5,400 வாட். சந்தன நிறச் சுவர் அதில் 2,200 வாட் அளவுக்கு வாங்கும். செங்காவி 3,800 வாட். கருநீலம் 4,900 வாட். சந்தனத்துக்கும் கருநீலத்துக்கும் நடுவில் உள்ள வித்தியாசம், ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் ஏறக்குறைய மூன்றைச் சுவரில் சாய்த்து வைத்த மாதிரி. இந்தச் சூடு முழுவதும் வீட்டுக்குள் வந்துவிடாது. பெரும்பகுதி வெளிக்காற்றிலேயே போய்விடும். மிச்சம்தான் செங்கல் வழியாக உள்ளே வரும்.

அந்த மிச்சம் எப்போது வருகிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். 9 அங்குலச் செங்கல் சுவரைக் கடந்து சூடு உள்பக்கம் வந்து சேர ஏறக்குறைய ஆறு, ஏழு மணி நேரமாகும். பிற்பகல் 4 மணி வெயில், இரவு 10, 11 மணிக்கு மாமனாரின் கட்டிலுக்கு வந்து சேர்கிறது. வெளியில் காற்று குளிர்ந்த பிறகும் அவர் புழுங்கித் தவிப்பது இதனால்தான். நம்பிக்கை இல்லையென்றால், ஒரு கோடை நாளில் இரவு 10 மணிக்கு அந்தச் சுவரின் உள்பக்கத்தையும், கிழக்குச் சுவரின் உள்பக்கத்தையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்துவிடும்.

எந்தச் சுவரில் அடர்நிறம் அடிக்கலாம்?

மகனின் ஆசையை அடியோடு தள்ள வேண்டியதில்லை. அதற்கு வேறு சுவர் இருக்கிறது. சூரியன் திருச்சிக்கு நேர் உச்சியில் வருவது ஆண்டுக்கு இரண்டு முறை. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒன்று, ஆகஸ்ட் நான்காம் வாரத்தில் ஒன்று. தமிழ்க் கணக்கில் சித்திரை முதல் வாரமும் ஆவணி முதல் வாரமும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள நான்கு மாதமும் சூரியன் நமக்கு வடக்கே நகர்ந்துதான் போகும். அந்த நாள்களில் தெற்குச் சுவரில் நேர் வெயில் விழுவதே இல்லை. வடக்குச் சுவரில்தான் சாய்வெயில் விழும். அக்கினி நட்சத்திரம் முழுவதும் இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

ஆகவே, நம் ஊரில் அடர்நிறத்தால் கோடையில் அதிகத் தொந்தரவு இல்லாத சுவர் தெற்குச் சுவர். அடுத்து, தாழ்வாரத்துக்கும் திண்ணைக்கும் உள்ளே நிழலில் இருக்கும் சுவர். கிழக்குச் சுவர் காலை வெயிலை வாங்கினாலும், அந்தச் சூடு பகலிலேயே உள்ளே வந்து, இரவுக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். மேற்குச் சுவருக்கு அந்த வசதி கிடையாது. எல்லாச் சுவரையும் விட அதிக வெயிலை வாங்குவது மொட்டைமாடி. சுவருக்குச் செலவு செய்வதற்கு முன் மாடித் தளத்துக்கு வெள்ளையடிப்பதுதான் முதல் வேலை.

எது நிறம் மாறாமல் நிற்கும்?

உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் அரக்கு நிறத்தில் இரண்டு வகை உண்டு. பளிச்சென்று இருக்கும் அரக்குச் சிவப்பு ஒன்று. செங்கல், செம்மண் மாதிரி சற்று மங்கலாக இருக்கும் செங்காவி இன்னொன்று. பளிச்சென்ற சிவப்புக்குப் பெரும்பாலும் இரும்பு அல்லாத செயற்கைச் சாயங்களைச் சேர்ப்பார்கள். அவற்றில் பல, மேற்கு வெயிலில் சில ஆண்டுகளிலேயே வெளுத்துவிடும். அடிச்சுவரை மறைக்கும் சக்தியும் குறைவு. இரண்டு கோட்டில் முடிய வேண்டிய வேலை மூன்றுக்குப் போகும். செங்காவிக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. காவி என்பதே ஏற்கெனவே துருப்பிடித்த இரும்பு. வெயில் அதை மேற்கொண்டு ஒன்றும் செய்துவிட முடியாது. கோயில் மதில்களில் காவியும் சுண்ணாம்பும் பட்டை பட்டையாக இருப்பதைத் தினமும் பார்க்கிறோம். புதுக்கோட்டை பக்கத்தில் உள்ள சித்தன்னவாசல் ஓவியங்களில் இன்றும் கண்ணுக்குப் படும் சிவப்பும் மண்ணிலிருந்து எடுத்த காவிதான். அந்த ஓவியங்கள் ஏறக்குறைய ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

கடையில் மெஷினில் நிறம் கலக்கும்போது, எந்தச் சாயம் எவ்வளவு சேர்கிறது என்பது கணினித் திரையில் வரும். 'ஆக்சைடு சாயத்தில் வரும் செங்கல் நிறமாகக் கொடுங்கள்' என்று கேட்டு வாங்குங்கள். நிறத்தின் எண்ணை டப்பா மூடியிலேயே எழுதி வாங்கி, வீட்டிலும் குறித்து வையுங்கள். தேவையான அளவு முழுவதையும் ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். அடர்நிறங்களில் முதல் தடவை கலந்ததற்கும் இரண்டாம் தடவை கலந்ததற்கும் சிறு வித்தியாசம் வந்தால்கூடச் சுவரில் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும்.

அழுக்குத் தெரியாது என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வது செங்காவிக்குப் பொருந்தும். நம் தெருப்புழுதி செம்மண்ணும் சாம்பலும் கலந்த நிறம். அது காவியில் மறைந்துவிடும். கருநீலத்தில் புழுதி, நீர் வழிந்த கோடு, கைபட்ட இடம் என எல்லாமே எடுத்துக் காட்டும்.

உப்புக்கு என்ன செய்வது?

உப்புப் பூக்கும் சுவரில் எந்த அடர்நிறத்தை அடித்தாலும், அடுத்த மழைக்குள் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். வாய்க்கால் கரை மண்ணில் ஈரம் குறைவதில்லை. அந்த ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறி, சுவரில் காயும்போது உப்பை வெளியே விட்டுப் போகிறது. அதன்மேல் கெட்டியான பெயின்ட்டை அடித்து வழியை அடைத்தால், ஈரம் பெயின்ட்டைக் கொப்புளம் கொப்புளமாகத் தள்ளிவிடும். உப்பு போகிற அளவுக்கு அடியைச் சுரண்டி, பட்டி பார்த்து மூடிவிடலாம் என்று கொத்தனார் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் வாரி அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். சுவரையொட்டித் தண்ணீர் தேங்கவிடாமல் வாட்டம் கொடுங்கள். சுவரோடு ஒட்டி வைத்திருக்கும் செடித்தொட்டி, சாக்கடைக் கசிவு இருந்தால் மாற்றுங்கள். அடியிலிருந்து மூன்றடி உயரத்துக்குப் பழைய பெயின்ட்டைச் சுரண்டியெடுத்து, அந்தப் பட்டைக்கு மட்டும் காவி கலந்த சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பு, சுவரை மூச்சுவிட வைக்கும். ஈரம் வெளியே போய்விடும். உப்புப் பூத்தாலும் தட்டிவிட்டு, ஆண்டுக்கு ஒரு தடவை குறைந்த செலவில் மறுபடி அடித்துக்கொள்ளலாம். சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காவி சேர்க்க வேண்டாம். சேர்த்தால் கையோடு உதிரும்.

ஆக, என்ன அடிக்கலாம்?

மேற்குச் சுவரின் பெரும்பகுதிக்குச் சந்தன நிறம் அல்லது வெளிர்மஞ்சள். அடியில் மூன்றடிக்குக் காவிச் சுண்ணாம்புப் பட்டை. ஜன்னல் ஓரம், தூண், மேல்விளிம்பு ஆகியவற்றுக்கு அதே செங்காவி. இது உங்கள் வீட்டுக்காரர் கேட்ட மங்கலத்தைத் தந்துவிடும். வாசல் கதவு, ஜன்னல் கம்பி, கேட் ஆகியவற்றுக்கு மகன் கேட்ட கருநீலம். ஆசை இன்னும் மிச்சமிருந்தால் தெற்குச் சுவருக்கும் அதையே அடிக்கட்டும். கல்யாண வீட்டுப் புகைப்படத்தில் சந்தனச் சுவரும் நீலக் கதவும் செங்காவிப் பட்டையும் நன்றாகவே இருக்கும்.

வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த சுவர் காய்வதற்கு மார்கழி போதாது, பனியும் சேர்ந்துகொள்ளும். எங்காவது புதிதாகச் சிமென்ட் பூசியிருந்தால் 28 நாள் கழித்து, நன்றாகக் காய்ந்த பிறகே பிரைமர் அடிக்க வேண்டும்.

நிறத்தை விட நிழல் பெரிது என்பதையும் மறக்க வேண்டாம். முன்சுவருக்கு இரண்டடி தள்ளி மூங்கில் ஊன்றிக் கோவை, அவரை என்று எதையாவது படர விடலாம். இடமிருந்தால் அகத்தியும் முருங்கையும் விரைவில் வளர்ந்து பிற்பகல் வெயிலைத் தடுக்கும். பங்குனி, சித்திரையில் தென்னங்கீற்றுத் தட்டி கட்டினாலே பாதிச் சூடு குறைந்த மாதிரி தெரியும். மாமனாரின் கட்டிலை மேற்குச் சுவரிலிருந்து விலக்கி, எதிர்ப்பக்கம் போடுங்கள். இதற்குக் காசே செலவில்லை, இன்றைக்கே செய்யலாம். வெயில் காலத்தில் அவர் பேச்சு குழறினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ, எழுப்பினால் சரியாக விழிக்காவிட்டாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வருவதற்குள் உடம்பில் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள்.

கேள்வி: மாட்டுக்கொட்டகைக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டிருக்கிறோம். மதியத்தில் மாடுகள் மூச்சு வாங்குகின்றன, பாலும் குறைகிறது. ஷீட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தால் குளிர்ச்சியாக இருக்கும் என்கிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகர், லால்குடி.

பதில்: பச்சை நிறம் கண்ணுக்குத்தான் குளிர்ச்சி. கரும்பச்சை ஷீட், வெள்ளை ஷீட்டை விட அதிகமாகச் சுடும். கூரைக்கு வெள்ளையே சரி. தெலங்கானா அரசு 2023-ல் இதற்கென்றே குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அதன் அடிப்படையும் இதுதான்: கூரை வெயிலைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

உங்களுக்கு விலையுயர்ந்த பெயின்ட் தேவையில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாளே நீர்க்க விடுங்கள். தண்ணீரில்தான் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சுண்ணாம்பின்மேல் தண்ணீரைக் கொட்டக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். மறுநாள் பழைய வேட்டியில் வடிகட்டி, மோர் பதத்துக்குக் கரைத்து, ஒட்டுவதற்குக் கொஞ்சம் வஜ்ரமோ அரிசிக் கஞ்சியோ சேருங்கள். காலை இளவெயிலில் இரண்டு கோட் அடியுங்கள். கெட்டியாக ஒரே கோட் அடித்தால் பாளம் பாளமாக உதிரும். கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரால் நீண்ட நேரம் கழுவிவிட்டு, மருத்துவரைப் பாருங்கள்.

ஷீட்டின்மேல் நேராகக் கால் வைக்காதீர்கள், உடைந்து விழும். பலகை போட்டு, அதன்மேல் நின்று அடியுங்கள். பாசி படிந்திருந்தால் உலர்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலுக்குக் கேடு. நனைத்த பிறகே மெதுவாகத் துடைக்க வேண்டும். மழையில் சுண்ணாம்பு கரைவதால் ஆண்டுதோறும் பங்குனியில் அடித்துக்கொள்ளுங்கள். கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிப்பவர்கள் முதல் இரண்டு மழையை வெளியே விட்டுவிடுங்கள்.

கேள்வி: பழைய வீட்டுக் கதவு, தொழுவத்துக் கம்பிகளின் பழைய பெயின்ட்டைச் சுரண்டிப் புதிதாக அடிக்கப் போகிறோம். சுரண்டியதைக் குப்பைக்குழியில் போடலாமா?
– ஒரு வாசகி, மண்ணச்சநல்லூர்.

பதில்: போடவே கூடாது. பழைய எனாமல் பெயின்ட்டுகளில் ஈயம் அதிகமாக இருந்தது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி கொண்டுவந்தது. அது 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட் எதுவானாலும் ஈயம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கன்றுகளுக்கு எதையும் நக்கிப் பார்க்கும் பழக்கம் உண்டு. உரிந்த பெயின்ட்டை நக்கிய மாடு கண் தெரியாமல் முட்டிக்கொள்ளும், வலிப்பு வந்து விழும், செத்தும் போகும். குப்பைக்குழியில் போட்டால் அந்த ஈயம் எருவோடு வயலுக்குப் போய், மண்ணிலேயே தங்கிவிடும்.

மாடு, ஆடு, பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு, கீழே பழைய தார்ப்பாய் விரியுங்கள். பெயின்ட்டை நனைத்துவிட்டுச் சுரண்டுங்கள். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும், நெருப்புக் காட்டி உரிப்பதும் வேண்டாம். தூசியும் புகையும் நேராக நுரையீரலுக்குப் போகும். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். சுரண்டியதை இரட்டைச் சாக்கில் கட்டித் தனியாக வைத்து, உள்ளாட்சிக் குப்பை வண்டியில் ஆபத்தான கழிவு என்று சொல்லிக் கொடுங்கள். வேலை முடிந்ததும் குளித்து, அந்தத் துணியைத் தனியே துவையுங்கள். பழைய பெயின்ட் உரியாமல் உறுதியாக ஒட்டியிருக்கும் இடங்களில் சுரண்டாமல், அதன்மேலேயே புதிய பெயின்ட் அடிப்பதுதான் பாதுகாப்பு. மாடு நக்கும் உயரத்தில் உள்ள கம்பிகளுக்கு, டப்பாவில் ஈயம் சேர்க்காதது என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.